லூமன் நமக்கு, மைக்ரோமோல் செடிக்கு

டொரொண்டோவில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஒன்பது மணி நேரம்தான். கோடையில் வெளியே தழைத்து நின்ற கறிவேப்பிலைத் தொட்டியை, உறைபனி விழும் முன்பே தமிழர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். ஜன்னலோரம் வைத்து வேளை தவறாமல் கவனித்தாலும் இலைகள் மஞ்சளாகி உதிரும். குளிரோடு வெளிச்சப் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்வதே காரணம்.

சரி, செடிக்கென்று விற்கும் ‘குரோ லைட்’ ஒன்றை வாங்கலாம் என்று தேடினால், ஒரு பெட்டியில் 1000 வாட், இன்னொன்றில் 9000 லூமன், வேறொன்றில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. சென்னை அடுக்குமாடி வீட்டில், வெயில் எட்டாத பால்கனியில் புதினா வளர்க்க நினைப்பவருக்கும் இதே குழப்பம்தான். எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

உண்மையில், இவற்றில் எதுவுமே செடிக்காக அளக்கப்பட்டதல்ல. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். அதிலும், ‘1000 வாட்’ என்று விற்கப்படும் சில எல்இடி விளக்குகள் உண்மையில் இழுப்பது 100 வாட்தான். பழைய ரக விளக்குக்கு இணை என்ற பெயரில் அந்தப் பெரிய எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். கெல்வின், வெள்ளை ஒளியின் சாயலைச் சொல்கிறது. மிச்சமிருப்பது லூமன்.

கண்ணுக்கான அளவு

மனிதக் கண் எல்லா நிறங்களையும் ஒரே அளவு பிரகாசமாகப் பார்ப்பதில்லை. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1924இல் நம் பார்வைத் திறனை ஒரு வளைகோடாக வரையறுத்தது. அதன் உச்சி 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. அந்த நிறத்தில் ஒரு வாட் ஒளிக்கு 683 லூமன். அதே ஒரு வாட் 660 நானோமீட்டர் சிவப்பாக இருந்தால் சுமார் 42 லூமன்தான். 450 நானோமீட்டர் நீலம் என்றால் 26. ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்தான் லக்ஸ் என்பதால், லக்ஸ் கணக்கிலும் இதே சார்பு ஒட்டிக்கொள்கிறது.

செடியின் கணக்கு வேறு. ஒளிச்சேர்க்கையில் ஒளி துகள் துகளாக, அதாவது ஃபோட்டான்களாகவே வேலை செய்கிறது. நீல ஃபோட்டானில் சிவப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் உண்டு. ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. மீதிச் சில்லறை தராத பேருந்தில் பெரிய நோட்டை நீட்டினாலும் ஒரு டிக்கெட்தானே? நீலத்தின் உபரி ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. அதனால் ஆற்றலை அளப்பதைவிட ஃபோட்டான்களை எண்ணுவதே செடிக்குப் பொருந்தும்.

எந்த நிற ஃபோட்டான்களை எண்ணுவது? டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கீத் மெக்ரீ, 1970களின் தொடக்கத்தில் 22 பயிர்களின் இலைகள் மீது ஒவ்வொரு நிறமாகப் பாய்ச்சி, அவை உள்ளிழுக்கும் கரியமில வாயுவை அளந்தார். 400 முதல் 700 நானோமீட்டர் வரையான எல்லா நிறங்களும் பயன்படுவது தெரிந்தது. பச்சை ஒளியைச் செடி முழுக்கத் திருப்பி அனுப்பிவிடும் என்பது தவறான எண்ணம். அதிலும் பெரும்பகுதியை இலை வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஊதா வெளிச்சம் தரும் சிவப்பு-நீல விளக்குதான் வேண்டும் என்பதில்லை. அதன் கீழே இலை மஞ்சளாவதும் பூச்சி விழுவதும் கண்ணுக்குச் சிக்காது என்ற தொல்லை வேறு.

மூன்று எண்கள்

ஃபோட்டான்களை மைக்ரோமோலில் எண்ணுவார்கள். ஒரு மைக்ரோமோல் என்றால் சுமார் ஆறாயிரம் கோடி கோடி ஃபோட்டான்கள். விளக்கு ஒரு நொடியில் உமிழும் மொத்த மைக்ரோமோல், பிபிஎஃப். அதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிதோறும் விழுவது, பிபிஎஃப்டி. நாள் முழுக்க விழுந்ததன் கூட்டுத்தொகை, டிஎல்ஐ. இதை மோலில் சொல்வார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பிபிஎஃப்டி. ஆனால் தூரத்தைச் சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒற்றை பல்பை 30 செ.மீ. உயரத்திலிருந்து 60 செ.மீ.க்குத் தூக்கினால் நேர்க்கீழே விழும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். அகலமான பலகை விளக்கில் இந்தச் சரிவு சற்று மெதுவாக இருக்கும்.

அடுத்தது நேரம். உச்சி வெயில் 2000 மைக்ரோமோல் வரை போகும். சென்னைத் திறந்தவெளியில் ஒரு நாளுக்குச் சராசரியாக 40 மோல் அளவுக்கு விழுகிறது. டொரொண்டோ டிசம்பரில் அது 10 மோலை ஒட்டியே நிற்கும். ஜன்னலைத் தாண்டி உள்ளே வருவது அதிலும் சிறு பங்கு. 200 மைக்ரோமோல் தரும் விளக்கை 14 மணி நேரம் எரியவிட்டால் 10 மோல் சேரும். பசுங்குடிலில் லெட்டூஸ் கீரை வளர்க்க கார்னெல் பல்கலைக்கழகம் வகுத்த இலக்கு நாளொன்றுக்கு 17 மோல்.

நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், செடியைப் பொறுத்தது. சாமந்தி போன்றவை நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும்.

வீட்டில் ஒரு கணக்கு

ஃபோட்டான் மீட்டர் விலை அதிகம். வெள்ளை எல்இடிக்கு லக்ஸ் மீட்டரே போதும்: வரும் எண்ணை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் தோராயமாகக் கிடைக்கும். வெயிலுக்கு 54. கைபேசிச் செயலியும் உதவும், அதன் துல்லியம் போனுக்குப் போன் மாறினாலும். சிவப்பு-நீல விளக்குக்கு இந்த வழி உதவாது. 100 மைக்ரோமோல் வெள்ளை ஒளியில் 7000 லக்ஸ் காட்டும் மீட்டர், அதே 100 மைக்ரோமோல் சிவப்பு-நீல ஒளியில் 750 லக்ஸ்தான் காட்டும்.

கடையில் கிடைக்கும் 9 வாட், 900 லூமன் பல்பையே எடுத்துக்கொள்வோம். 70ஆல் வகுத்தால் நொடிக்கு 13 மைக்ரோமோல், அதாவது வாட்டுக்கு 1.4. நல்ல குரோ லைட் வாட்டுக்கு 2.5க்கு மேல் தரும். ஒரு தொட்டி புதினாவுக்கு, பிரதிபலிப்பான் மாட்டி இறக்கித் தொங்கவிட்ட சாதாரண பல்புகளே போதும். கறிவேப்பிலை போன்ற வெயில் விரும்பிக்குத்தான் தனி விளக்கு தேவைப்படும். அப்போதும், மைக்ரோமோல் எத்தனை, எந்த உயரத்தில் அளந்தது என்ற இரண்டும் பெட்டியில் இல்லையென்றால், ‘செடி விளக்கு’ என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.