புயலும் உள்நாட்டாரும்

புயல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கொந்தளிக்கும் கடலும், முறியும் தென்னையும், கரையில் மோதிச் சிதறும் தோணியுமேயாம். கடலினின்றும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் உள்ளே உளுந்தூர்பேட்டையில் வாழும் நாம், அதனைக் கடற்கரையாருக்கே உரிய துன்பமென்று எண்ணிக் கவலையற்றிருத்தல் வழக்கமாயிற்று. இவ்வெண்ணம் இக்காலத்திற்குப் பொருந்துமா என்று சிறிது ஆராய்வோம்.

நம் பக்கத்தார் மறவாத புயல்கள் இரண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயல், மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றோடு வந்தது. பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் அது வேரோடு சாய்த்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரியருகே கரையேறிய 'பெஞ்சல்' புயலோ, காற்றின் வேகத்தில் தானேக்குப் பெரிதும் குறைந்தது. ஆயினும் அது கரையேறியபின் விரைந்து செல்லாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. மறுநாட் காலையில் முடிந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டரும், மயிலத்தில் 51 சென்டிமீட்டரும் மழை பெய்தது. அதற்கடுத்த நாள், கடலுக்கு வெகுதூரத்திலுள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டிற்று. சாத்தனூர் அணையினின்று வினாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் நீர் திறந்துவிட நேர்ந்தது. தென்பெண்ணை கரைபுரண்டது, நமக்கு வடக்கேயுள்ள அரசூரில் நெடுஞ்சாலை நீரில் மூழ்கிச் சென்னைப் போக்குவரத்து நின்றது. காற்றிற் சிறிய புயல் வெள்ளத்திற் பெரியதாயிற்று.

இதன் காரணத்தை அறிதற்குப் புயல் பிறக்கும் விதத்தை அறிதல் வேண்டும். கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26 அல்லது 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமடைந்திருக்கும்போது, அதனினின்று நீராவி மிகுதியாக எழுகின்றது. அந்நீராவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகும்போது, தான் கொண்டிருந்த வெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெப்பத்தால் காற்று இன்னும் மேலெழ, சுற்றிலுமுள்ள காற்று அவ்விடத்தை நிரப்ப ஓடிவருகின்றது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே வராமல் வளைந்து சுழல்கின்றது. எனவே, அடுப்புக்கு விறகு எப்படியோ, புயலுக்கு வெங்கடல் அப்படியே. நிலத்தின்மேல் ஏறியதும் விறகு குறைந்து காற்று தணிகின்றது. சுமந்து வந்த நீரோ மழையாகப் பெய்தே தீரும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனாற் பெருகிய கரியமில வாயு, பூமியின் சராசரி வெப்பத்தை ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்திவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், காற்று நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமான நீராவியைத் தாங்கவல்லது. துணி பெரிதானால் அது உறிஞ்சும் நீரும் மிகும்; பிழியுங்கால் வடியும் நீரும் மிகும் அன்றோ?

இனி, புயல்களின் தொகை பெருகிவிட்டது என்று பலர் சொல்வர். அது சரியன்று. பருவநிலை மாற்றத்தை ஆராயும் அரசுகளிடைக் குழுவினர் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிற் சொல்வது வேறு: உலகத்தில் புயல்களின் தொகை மிகவில்லையெனினும், அவற்றுள் கடுமையானவற்றின் விகிதம் மிகுந்துள்ளது, விரைவில் வலுப்பெறுவனவும் மிகுகின்றன, மழையும் கனக்கின்றது. விரைவில் வலுப்பெறுதல் எத்துணைக் கொடிது என்பதற்கு, 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரிமுனையருகே எழுந்த ஒக்கிப் புயல் சான்றாகும். தாழ்வு மண்டலமாயிருந்த அது ஏறக்குறைய ஒரே நாளிற் புயலாயிற்று; கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் மீளவில்லை.

பெஞ்சல் ஓரிடத்தில் நின்றதற்கு வெப்பமே காரணமென்று நாம் துணிந்து கூறுதல் தகாது. புயலை நடத்திச் செல்லும் மேற்காற்று மெலிந்தால் அது எக்காலத்தும் நிற்கக்கூடும். ஆனால், நிற்கும் புயலின் கையில் முன்னிலும் மிகுதியான நீர் இருக்கின்றது என்பதே நாம் அஞ்சத்தக்கது.

ஆகையால் நாம் கற்கவேண்டிய பாடம் தெளிவு. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கு உரியது. அதன் எண் சிறியதென்று உள்நாட்டார் உறங்கலாகாது. புயல் எத்தனை வேகத்தில் வருகின்றது என்று கேட்கும் நாம், எத்தனை மழை பெய்யும், எத்தனை நேரம் நிற்கும், மேலேயுள்ள அணையில் நீர்மட்டம் எவ்வளவு என்றும் கேட்டறிதல் வேண்டும். ஏரிக்கரைகளும் மதகுகளும் கலிங்குகளும் ஐப்பசிக்கு முன்னரே செப்பனிடப்பெறுதல் வேண்டும். வெள்ளம் செல்லும் வாய்க்கால்களை அடைத்து வீடு கட்டுதல் ஒழிதல் வேண்டும். மாணவர்களாகிய நாம் நம் ஊர்ப் பெரியோருக்கு இவற்றை எடுத்துரைப்போமாயின், கற்ற கல்வி ஒரு சில உயிர்களையேனும் காக்கும். அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறு யாது?