பெயரிலே ஊரைச் சுமக்கும் பூச்சி

கோடைகாலத்தில் ஐரோப்பாவின் சதுப்புப் புல்வெளிகளிலே நடப்போர் அடியெடுத்து வைக்குந்தோறும், வைக்கோல் துண்டு போன்ற சிறு பூச்சியொன்று எழுந்து, சிறிது தூரம் பறந்து, மீண்டும் புல்லில் அமர்வதைக் காணலாம். குனிந்து தேடினால் எளிதில் அகப்படாது. சிறகுகளை உடலைச் சுற்றிக் குழல்போலச் சுருட்டி, தண்டோடு தண்டாக ஒன்றிவிடும். இதுவே புல் அந்துப்பூச்சி.

இவற்றுள் ஓரினத்தின் விஞ்ஞானப் பெயர் 'கிராம்பஸ் உலிஜினோசெல்லஸ்' என்பது. சிறகுகளை விரித்தாலும் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் அளவினதே. முன்சிறகிலே வெண்ணிறக் கோடொன்று உண்டு. 1850ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டவர் பிலிப் கிறிஸ்தோப் செல்லர் என்னும் ஜேர்மானியப் பாடசாலை ஆசிரியர். 'உலிஜினோசஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் 'சதுப்பான' என்பது பொருள். ஆகவே, இச்சிற்றுயிர் தன் ஊரைத் தன் பெயரிலேயே சுமந்து திரிகின்றது.

அவ்வூரோ விந்தையானது. நீர் வடியாத அந்நிலத்தில் வளரும் ஸ்பக்னம் என்னும் பாசி, தன் உலர்ந்த எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை ஏந்தவல்லது. காற்றுப் புகாத அந்நீருள் மடிந்த பாசி முற்றாக உக்கிப்போவதில்லை. படிந்து படிந்து கரிய மண்ணாகின்றது. ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே அது வளரும். ஒரு மீற்றர் தடிப்புக்கு ஓராயிரம் ஆண்டுகள் செல்லும்!

இம்மண்ணை மக்கள் அடுப்பெரிக்கவும் பூந்தொட்டிகளை நிரப்பவும் வெட்டினர். வாய்க்கால் தோண்டி நீரை வடித்தனர். ஆயிரம் ஆண்டுத் தேட்டம் ஒரு தலைமுறையில் அழிந்தது. நீர் வடிந்தால் ஈரத்தை நம்பிய புல்லும் கோரையும் மறையும்; அவற்றை நம்பிய பூச்சியும் மறையும்.

"மறைந்தாற்றான் என்ன? நமது நெற்பயிரைக் கெடுக்கும் தண்டு துளைப்பானும் இப்பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்ததன்றோ!" என மாணவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், இழப்பது பூச்சியை மட்டுமன்று. உலகத் தரைப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கேயான இத்தகைய நிலங்கள், காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிடக் கூடிய காபனைத் தம்முள் அடக்கியுள்ளன. நீர் வடிந்ததும் அக்காபன் காற்றிலே கலந்து உலகின் வெப்பத்தைப் பெருக்குகின்றது. இதனை உணர்ந்தே இன்று பல நாடுகளில் பழைய வாய்க்கால்களை அடைத்து, சதுப்புகளில் மீண்டும் நீரைத் தேக்குகின்றனர்.

செல்லர் சேகரித்த பூச்சிகள் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பேணப்படுகின்றன. பேழைக்குள் பெயர் நிலைத்திருக்கும். அப்பெயருக்குரிய ஊர் நிலைப்பதோ, வெளியே நீர் நிற்பதைப் பொறுத்தது.