பீரோவில் மட்டுமல்ல, எலும்பிலும் பட்டு!

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் சின்ன மகன் சைக்கிளோடு வாய்க்கால் மதகில் விழுந்துவிட்டான். முழங்கைக்குக் கீழே ரத்தம் கொட்டுகிறது. கை ஒரு மாதிரி வளைந்து தொங்குகிறது. என் மாமியார் காப்பிப் பொடி டப்பாவோடு ஓடி வந்தார். "அள்ளி வச்சு அமுக்கும்மா, நின்னுடும்!" என்றார். பதற்றத்தில் நானும் அப்படியே செய்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையே அந்தப் பொடியைக் கழுவி எடுப்பதுதான். பிள்ளை அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. காயத்துக்குத் தையல், உடைந்த எலும்புக்கு உலோகத் தகடும் ஸ்க்ரூவும். தையல் பிரிக்கும்போது கறுப்பு நூலைப் பார்த்து, "இது என்ன நூல் டாக்டர்?" என்று கேட்டேன். "பட்டுதாம்மா. நீங்க கட்டிக்கிற புடவையில இருக்கே, அதே பட்டு!" என்று சிரித்தார்.

ஒரு வருஷம் கழித்து, தகட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன். மறுபடி மயக்க மருந்து, மறுபடி பட்டினி, மறுபடி நான் கதவுக்கு வெளியே! "அந்தப் பட்டு நூல் மாதிரி எலும்புக்கும் ஏதாவது இருக்கக் கூடாதா?" என்று அன்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோதுதான், அதற்கான முயற்சி ஏற்கெனவே நடப்பது தெரிந்தது.

புழு நூற்ற கூடு

பட்டுத் தையல் புதிதல்ல. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரி ராஜ்யத்தில் புகழ்பெற்ற வைத்தியர் கேலன், அறுபட்ட ரத்தக் குழாயைக் கட்டப் பட்டு நூலைச் சொல்லியிருக்கிறார். பெரிய ஊர்களில் பணக்காரப் பெண்களிடம் அது கிடைக்கும் என்றும் எழுதி வைத்தார். பாருங்கள், அன்றைக்கும் பட்டு நம்மிடம்தான்!

மல்பெரி இலை தின்னும் புழு ஒரே இழையால் தன் கூட்டைக் கட்டுகிறது. அதைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் நீளம் வரும். இழையின் நடுவே இருப்பது ஃபைப்ராயின் என்ற புரதம். மேலே பூசியிருப்பது செரிசின் என்ற பசை. மருத்துவத்துக்கு எடுக்கும்போது கூட்டை வாஷிங் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்துப் பசையை நீக்குகிறார்கள். மிஞ்சிய இழையை லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசலில் கரைத்து, பிறகு உப்பைப் பிரித்து எடுத்துவிட்டால் பட்டுப் புரதம் தண்ணீர் போலக் கிடைக்கும். அதை உறைய வைத்து உலர்த்தினால் பஞ்சு. ஊற்றிக் காய வைத்தால் மெல்லிய ஏடு. கெட்டியாக்கிக் கடைந்தால் ஸ்க்ரூ! ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம் வார்க்கிற மாதிரிதான்.

ரத்தத்துக்குப் பஞ்சு, எலும்புக்குப் பந்தல்

வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைக்கின்றன. அதன் மேல் ஒரு புரத வலை பின்னிக்கொள்கிறது. பட்டுப் பஞ்சு ரத்தத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்வதால் தட்டணுக்கள் நெருங்கி நிற்கும். ஒட்டிக்கொள்ள இடமும் கிடைக்கும். ரத்தம் சீக்கிரம் உறையும்.

எலும்புக்கு வேறு வழி. பாகற்கொடிக்குப் பந்தல் போடுகிறோம் அல்லவா? அதுபோல எலும்பு விட்டுப்போன இடத்தில் துளைகள் நிறைந்த பட்டுப் பஞ்சை வைக்கிறார்கள். எலும்பிலேயே இருக்கிற கால்சிய உப்பையும் சேர்ப்பதுண்டு. எலும்பின் செல்கள் அந்தத் துளைகளில் புகுந்து படர்ந்து புது எலும்பை வளர்க்கும். பட்டு மெல்ல மெல்லக் கரைந்துபோகும். திரும்ப எடுக்க வேண்டியதே இல்லை.

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லான் என்ற பேராசிரியரின் குழு 2014இல் பட்டிலேயே ஸ்க்ரூ செய்து, எலிகளின் கால் எலும்பில் பொருத்திப் பார்த்தது. ஸ்க்ரூக்கள் உடையாமல் நின்றன, கரையவும் தொடங்கின. உலோகம் போல எக்ஸ்ரே படத்தை மறைப்பதுமில்லை.

ஆனால் சகோதரிகளே, எலிக்குப் பொருந்தியது மனிதருக்கு வர நாளாகும். பட்டுப் புரதம் சேர்த்த காயக்கட்டுகள் நம் நாட்டில் விற்பனைக்கு வந்திருந்தாலும், எலும்பு முறிவுக்கு இன்றும் உலோகத் தகடுதான். டாக்டர் தகடு வைக்க வேண்டும் என்றால் "பட்டு வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். "இதைத் திரும்ப எடுக்கணுமா, எப்போ?" என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். நான் கேட்காததால் இரண்டாவது ஆபரேஷன் எனக்கு இடியாக வந்தது.

இன்று நம் கையில் இருப்பது

பழைய பட்டுத் துணியைக் காயத்தில் சுற்றிவிடாதீர்கள். அதில் சாயமும் அழுக்கும் இருக்கும். காப்பிப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். துவைத்த சுத்தமான பருத்தித் துணியை மடித்து வைத்து, பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கண்ணாடி, ஆணி குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். உடைந்த கையை ஆட்டாமல், நேராக்கப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டி.டி. ஊசியைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அரிவாள்மணை பட்டுவிட்டது. நான் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருக்க, என் மாமியாரே சொன்னார்: "காப்பிப் பொடி வேணாம்டி, அமுக்கிப் புடி!"