பாதி ஸ்டேடியம் என்றால் பாதி ஆபத்தா? ரசிகர்களை மீண்டும் உள்ளே விடுவதன் கணக்கு என்ன?

துபாயில் 2021 செப்டம்பர் 19-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் - மும்பை இந்தியன்ஸ் மேட்ச் நடந்தது. மே மாதம் பாதியில் நின்றுபோன ஐபிஎல் 2021 அங்கிருந்து மறுபடி தொடங்கியது. அந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. 2019-க்குப் பிறகு முதல் முறையாக ஐபிஎல் போட்டியை ரசிகர்கள் நேரில் உட்கார்ந்து பார்த்தார்கள். முழு ஸ்டேடியம் கிடையாது, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும்தான் டிக்கெட்.

சென்னை ரசிகருக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, ஏக்கமும் இருந்தது. அதற்கு முன் மஞ்சள் ஜெர்சியைச் சேப்பாக்கத்தில் கடைசியாகப் பார்த்தது 2019 மே மாதம். 2021 டிஎன்பிஎல் முழுக்கச் சேப்பாக்கத்தில்தான் நடந்தது, ஆனால் கேலரியில் ஆள் இல்லை. "துபாயில விடறாங்க, இங்க ஏன் விடல? பாதிப் பேரையாவது விடலாமே?" என்பதுதான் அப்போது பலரின் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் 'பாதி' என்ற வார்த்தைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது.

சேப்பாக்கம் ஏற்கெனவே ஒருமுறை திறந்ததே?

ஆமாம். இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் தொடரின் முதல் இரண்டு போட்டிகளும் 2021 பிப்ரவரியில் சென்னையில் நடந்தன. முதல் டெஸ்ட் (பிப்ரவரி 5-9) காலி மைதானத்தில். தனது 100-வது டெஸ்ட்டில் ஜோ ரூட் 218 ரன் அடித்தார். எழுந்து நின்று கைதட்ட கேலரியில் யாரும் இல்லை. இந்தியா 227 ரன்னில் தோற்றது.

நான்கே நாளில் அதே மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட். மத்திய, மாநில அரசுகளின் புதிய தளர்வுகளால் பாதி இருக்கைகளுக்கு ரசிகர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். பெருந்தொற்று தொடங்கிய பிறகு இந்தியாவில் ரசிகர்கள் முன்னிலையில் நடந்த முதல் சர்வதேச கிரிக்கெட் போட்டி அதுதான். கோலி கேலரியைப் பார்த்து 'விசில் போடுங்க' என்று சைகை காட்டினார். அஸ்வின் சொந்த ஊர் மைதானத்தில் 5 விக்கெட் எடுத்து, சதமும் அடித்தார். இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

ரசிகர்கள் வந்ததால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது, பிட்ச்சும் வேறு. ஆனால் கூட்டம் இருப்பதும் இல்லாததும் ஆட்டத்தைப் பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2020 மே மாதம் ஜெர்மனியின் பண்டஸ்லிகா கால்பந்து காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, சொந்த மைதான அணிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சாதகம் குறைந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கத்தும் கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

சரி, பிப்ரவரியில் சேப்பாக்கத்துக்குக் கைகொடுத்தது எது? அந்தச் சமயத்தில் தமிழகம் முழுவதும் ஒரு நாளைக்குப் பதிவான புதிய தொற்று சுமார் 500 தான். அதே தமிழகத்தில் மே மாதம் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் பதிவானது. அப்போது பாதி ஸ்டேடியம் என்ன, பத்தில் ஒரு பங்கைத் திறப்பதைக்கூட யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஸ்டேடியம் அதேதான். மாறியது ஊர்.

50% என்றால் ஆபத்தும் 50% தானே?

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

30,000 பேர் உட்காரும் மைதானம். ஊரில் 1,000 பேரில் ஒருவருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேடியத்தை முழுதாக நிரப்பினால், கூட்டத்தில் சராசரியாக 30 பேர் தொற்றோடு வருவார்கள். பாதி நிரப்பினால் 15 பேர். இதுவரை சரி.

ஆனால் ஊரில் தொற்று பத்து நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றால்? பத்தாவது நாளில் அதே பாதி ஸ்டேடியத்துக்குள் 30 பேர் தொற்றோடு இருப்பார்கள். பாதியாகக் குறைத்ததன் பலன் பத்தே நாளில் காலி. இருபதாவது நாளில் 60 பேர். டிக்கெட்டில் மட்டும் '50% அனுமதி' என்ற வாசகம் மாறாமல் இருக்கும்.

தலைகீழாகவும் யோசிக்கலாம். 2020 ஜூன் மாதம் நியூசிலாந்தில் உள்ளூர்த் தொற்றே இல்லை. ஆக்லாந்து ஈடன் பார்க்கில் ரக்பி பார்க்க 43,000 பேர் மாஸ்க் இல்லாமல், இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தார்கள். தொற்று பரவும் ஊரின் பாதி ஸ்டேடியத்தைவிட, தொற்றே இல்லாத ஊரின் முழு ஸ்டேடியம் பாதுகாப்பானது.

அகமதாபாத்தில் என்ன நடந்தது?

இந்தக் கணக்கு நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு அகமதாபாத் உதாரணம். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்காரக்கூடிய உலகின் மிகப்பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் அது. 2021 மார்ச் 12, 14 தேதிகளில் நடந்த இந்தியா - இங்கிலாந்து டி20 போட்டிகளுக்கு 60,000-க்கும் அதிகமானோர் வந்தார்கள். டிவியில் பார்த்தபோதே பலரின் முகத்தில் மாஸ்க் இல்லை என்பது தெரிந்தது.

குஜராத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மார்ச் 15 இரவு அறிவிப்பு வந்தது: மீதி மூன்று போட்டிகளுக்கும் ரசிகர்கள் கிடையாது, டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும். அடுத்து புனேவில் நடந்த ஒருநாள் போட்டிகளும் காலி மைதானத்தில்தான் நடந்தன. அதற்குப் பின் இரண்டாம் அலை எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த இரண்டு மேட்ச்சுகளால்தான் தொற்று ஏறியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. நிறுத்தும் முடிவு வந்தபோது இரண்டு நாள் கூட்டம் கூடிக் கலைந்துவிட்டது. 'எப்போது திறப்பது' என்பதற்குத் தேதி இருந்தது; 'எந்த எண்ணிக்கையைத் தாண்டினால் மூடுவது' என்பதை முன்கூட்டியே யாரும் மக்களுக்குச் சொல்லவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே தடுமாற்றம். 50% இருக்கைகள், அதிகபட்சம் 10,000 பேர் என்று ஜூன் 21-ல் அறிவித்தார்கள். ஜூலை 8-ல் டோக்கியோவில் யாருக்கும் அனுமதி இல்லை என்று மாற்றினார்கள். அங்கே கூட்டம் கூடும் முன்பே முடிவை மாற்றினார்கள் என்பது முக்கியமான வித்தியாசம்.

திறந்தவெளிதானே, என்ன பயம்?

திறந்தவெளியில் காற்று தொற்றை வேகமாகக் கலைத்துவிடும், உண்மைதான். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் உட்கார்ந்து அமைதியாக மேட்ச் பார்த்தால் ஆபத்து குறைவே. ஆனால் ரசிகர் வீட்டிலிருந்து நேராக சீட்டில் வந்து குதிப்பதில்லையே! பறக்கும் ரயிலில் ஏறி, சேப்பாக்கம் ஸ்டேஷனில் கும்பலோடு இறங்கி, கேட் முன்னால் வரிசையில் நின்று, படிக்கட்டில் முட்டி மோதி, இடைவேளையில் கழிப்பறைக்கும் சமோசா ஸ்டாலுக்கும் போய்... ஆபத்தான இடங்கள் இவைதான்.

இன்னொன்று, வாய். கத்துவதும் பாடுவதும், சாதாரணமாகப் பேசுவதைவிட அதிக நீர்த்துளிகளையும் நுண்துகள்களையும் காற்றில் தள்ளும். விசிலடிக்க வேண்டுமென்றால் மாஸ்க்கை இறக்கித்தான் ஆகவேண்டும். விசிலையே அடையாளமாக வைத்திருக்கும் ஊருக்கு இது கொஞ்சம் சங்கடமான அறிவியல்.

இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தில் எண்ணிக்கையோடு பார்த்தார்கள். கூட்டத்தைப் பரிசோதனை முறையில் அனுமதித்து, பிறகு தொற்றைக் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்றை அந்நாட்டு அரசு நடத்தியது. முடிவுகள் 2021 ஆகஸ்டில் வந்தன. ஜூலை 11-ல் வெம்ப்ளியில் நடந்த யூரோ கால்பந்து இறுதிப் போட்டிக்கு 67,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சுமார் 2,300 பேர் அன்றே தொற்றைப் பரப்பும் நிலையில் இருந்திருக்கலாம், மேலும் சுமார் 3,400 பேருக்கு அந்தப் போட்டியை ஒட்டித் தொற்று வந்திருக்கலாம் என்கிறது கணக்கு. இரண்டு வாரம் நடந்த விம்பிள்டன் டென்னிஸில் சுமார் 3 லட்சம் பேர் கலந்துகொண்டும், அங்கே தொற்று வந்திருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டவர்கள் 600-க்கும் குறைவு.

இரண்டும் லண்டன், இரண்டும் ஒரே சமயம். ஒன்றில் ஒரு நாட்டின் பல ஆண்டுக் கனவு: பப்பில் குடித்து, ரயிலில் பாடி, டிக்கெட் இல்லாதவர்களும் தடுப்பை உடைத்து உள்ளே புகுந்த இரவு. இன்னொன்றில் ஆட்டத்தின் நடுவே பேசினாலே திரும்பிப் பார்க்கும் கூட்டம். வெம்ப்ளிக்கு வந்தவர்கள் தடுப்பூசிச் சான்றோ, தொற்று இல்லை என்ற பரிசோதனை முடிவோ காட்டவேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆக, கேட்டில் காட்டும் சான்று மட்டும் போதாது.

அப்போ, சரியா திறந்தவங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். தைவானின் பேஸ்பால் லீக் 2020 ஏப்ரலில் காலி மைதானத்தில் தொடங்கியது. ரசிகர்களுக்குப் பதில் பொம்மைகளை உட்காரவைத்ததைப் பார்த்து உலகமே சிரித்தது. உள்ளூர்த் தொற்று கிட்டத்தட்ட ஒரு மாதமாக இல்லை என்ற நிலையில், மே 8-ல் ஆட்களை விட்டார்கள். எத்தனை பேர்? ஒரு மைதானத்துக்கு 1,000 பேர். தள்ளித் தள்ளி இருக்கை, மாஸ்க், உள்ளே உணவு விற்பனை கிடையாது. எல்லாம் சரியாகப் போனபின் 2,000 ஆக்கினார்கள். அவர்கள் சதவீதத்தில் தொடங்கவில்லை, சமாளிக்கக்கூடிய எண்ணிக்கையில் தொடங்கினார்கள்.

ஆஸ்திரேலியா இன்னொரு விஷயம் காட்டியது: யார் எங்கே உட்கார்ந்தார் என்ற பதிவு. 2020 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்ட்டின் இரண்டாம் நாள் வந்த ஒரு ரசிகருக்குத் தொற்று உறுதியானது. ஒரு நாளைக்கு 30,000 பேர் வரை அனுமதி இருந்தும், மைதானம் முழுவதையும் பயமுறுத்தத் தேவைப்படவில்லை. அவர் இருந்த பகுதியையும் நேரத்தையும் சொல்லி, அங்கிருந்தவர்களைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். அடுத்த சிட்னி டெஸ்ட்டுக்கு அனுமதியை 25 சதவீதமாகக் குறைத்து, மாஸ்க்கைக் கட்டாயமாக்கினார்கள். ஊரின் நிலைமை மாறியதும் ஸ்டேடியத்தின் விதியும் மாறியது.

டிவியில் பார்த்தால் போதாதா?

ஐபிஎல்லுக்குப் போதும். 2018 முதல் ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையின் விலை ரூ.16,347 கோடி. கேலரி காலியாக இருந்தாலும் லீக் ஓடும்.

ஓடாமல் நிற்பது ஸ்டேடியத்துக்கு வெளியே இருக்கும் உலகம். மேட்ச் நாளில் பெல்ஸ் ரோட்டிலும் வாலாஜா சாலையிலும் ஜெர்சி, கொடி, விசில் விற்பவர்கள், கன்னத்தில் மஞ்சள் வண்ணம் பூசிவிடுபவர்கள், தண்ணீர் பாட்டில் சுமப்பவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்கள். இவர்களுக்கு ஒளிபரப்பு உரிமையில் பங்கு கிடையாது. அவசரப்பட்டுத் திறந்து பத்து நாளில் மூடினால், கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு அது இரட்டை அடி. அதனால் இவர்கள் பக்கம் நின்று பார்த்தாலும், சீக்கிரம் திறப்பதைவிட மூட வேண்டிய தேவை வராதபடி திறப்பதுதான் நல்லது.

தொற்றுக் காலத்தில் டிக்கெட் விற்பனை தொடங்கும்போது என்ன பார்க்கலாம்?

எத்தனை சதவீதம் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கு முன் கேட்கவேண்டியவை நான்கு.

* ஊரில் தொற்று ஏறுகிறதா, இறங்குகிறதா? இன்றைய எண்ணிக்கையைவிட, இரண்டு வாரமாக அது போகும் திசை முக்கியம்.
* எந்த அளவைத் தாண்டினால் அனுமதி ரத்து, பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா?
* எந்த கேட், எத்தனை மணிக்கு என்று டிக்கெட்டில் இருக்கிறதா? எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால், உள்ளே விடும் இடைவெளிக்கு அர்த்தமில்லை.
* உட்கார்ந்தவரின் பெயரும் போன் நம்பரும் சீட்டோடு பதிவாகிறதா? பக்கத்து சீட்காரருக்குத் தொற்று என்றால் உங்களுக்கு போன் வரவேண்டும்.

இந்த நாலுக்கும் பதில் இருந்தால், இரண்டு தடுப்பூசியும் போட்டிருந்தால், மாஸ்க்கோடு போய்ப் பார்க்கலாம். வீட்டில் வயதானவர்களோ உடல்நலம் குன்றியவர்களோ இருந்தால், இன்னும் கொஞ்ச நாள் டிவியே போதும் என்று முடிவெடுப்பதிலும் தப்பில்லை.

அன்று துபாய் ஸ்டேடியத்தில் உட்கார வந்தவர்களிடம் தடுப்பூசிச் சான்று கேட்டார்கள். அது ஒரு தொடக்கம். சேப்பாக்கத்தின் கேட் எப்போது திறக்கும் என்பது வாலாஜா சாலையில் முடிவாகிற விஷயமாக இருக்கவில்லை. சென்னையின் ஒவ்வொரு தெருவிலும் தொற்று எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் அது இருந்தது.