ஆண் பெயரில் பந்தாடிய சிறுமி

புதுதில்லி: மணிப்பூரின் தலைநகரான இம்பாலில், 1980களின் இறுதியில், சிறுவர்களோடு சேர்ந்து கால்பந்து ஆட ஒரு பிள்ளை ஓடி வரும். பெயர் கேட்டால் ஒரு நாள் ‘போபோ’ என்னும்; மறுநாள் ‘அம்கோ’ என்னும். இரண்டுமே ஆண் பிள்ளைகளின் பெயர்கள். பெண் என்று தெரிந்தால் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் சொல்லப்பட்ட பொய்ப் பெயர்கள் அவை. அச்சிறுமிதான் பின்னாளில் இந்திய மகளிர் அணியின் தலைவியாக விளங்கிய ஓய்னம் பெம்பெம் தேவி.

1980-ல் பிறந்த பெம்பெம், படிப்பில் கவனம் செலுத்த வேண்டும் என்பதே தந்தையின் விருப்பமாக இருந்தது. பந்தின் மீதிருந்த பற்று அதையும் மீறியது. 1991-ல் மணிப்பூர் சிறுமியர் அணியில் இடம்பிடித்த அவர், 1995-ல் தமது 15-ஆவது வயதில், குவாம் அணிக்கு எதிராக இந்தியாவுக்காகக் களமிறங்கினார்.

ஆடுகளம் அவரை ஏற்றுக்கொண்டது, அமைப்புகள்தாம் தாமதித்தன. ஆண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் 1996-ல் தொடங்கிவிட்டது. மகளிருக்கு அத்தகைய லீக் அமைய மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 2017 பிப்ரவரியில் தில்லியில் நடைபெற்ற அதன் முதல் இறுதியாட்டத்தில், பெம்பெம் வழிநடத்திய மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் அணியை 3-0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அப்போது அவருக்கு வயது 36. முந்தைய ஆண்டிலேயே தேசிய அணியிலிருந்து அவர் விடைபெற்றிருந்தார்.

விருதுகளின் கதையும் இதுவே. 1983-ல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்ற பின்னர், மற்றொரு கால்பந்து வீராங்கனைக்கு அவ்விருது கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின. 2017-ல் அதைப் பெற்றவர் பெம்பெம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது.

திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் மணிப்பூர் மட்டுமே இருபது முறைக்கு மேல் பட்டம் வென்றுள்ளது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்திய இந்திய மகளிர் அணி, முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைப் போட்டிக்குள் நுழைந்தது.

பெம்பெமுக்கு ஒரு பொய்ப் பெயர் கைகொடுத்தது. அந்தத் துணிவு வாய்க்காமல் திடலின் ஓரத்திலேயே நின்று திரும்பிய சிறுமியர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. பள்ளிதோறும் அவர்களுக்கென ஓர் அணியும் பயிற்சியாளரும் வாய்ப்பதே, விருதுகளைவிட முதலில் நடக்க வேண்டியது.