டெல்டாவின் இயந்திரங்கள் – 9: ஆயில் என்ஜினுக்கு எந்தப் புத்தகம்?

மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும், கடைமடைக்கு வந்து சேரும்போது வாய்க்கால் மட்டம் வயலைவிடத் தாழ்ந்தே கிடக்கும். பேராவூரணி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வரப்போரத்தில் ஆயில் என்ஜினை இறக்கி இறைப்பது அதனால்தான். அதன் உறுப்புகளைச் சென்ற வாரம் பார்த்தோம். உள்ளே எரியும் டீசல் எப்படி வேலையாக மாறுகிறது என்று படிக்க எங்கே போவது? டிப்ளமோவும் பி.இ. மெக்கானிக்கலும் சேரும் டெல்டாப் பிள்ளைகள் பலருக்கு அரியர் விழுகிற பாடம் இது.

முதல் புத்தகம் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியலில் வெப்ப இயக்கவியல் நல்ல தமிழில் இருக்கிறது. முதல் விதி, இரண்டாம் விதி, கார்னோ எந்திரம் வரை வந்து நின்றுவிடும். ஓட்டோ சைக்கிளும் டீசல் சைக்கிளும் அதற்கு மேலே. இந்த அடித்தளம் இல்லாமல் கல்லூரிப் புத்தகத்தில் நேரே குதிப்பவர்களே அதிகம்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. ஐ.டி.ஐ. பாடங்களுக்காகச் சென்னை கிண்டியிலிருந்து இயங்கும் நிமி நிறுவனம், ஜெர்மனியின் உதவியோடு 1986-இல் தொடங்கியது. அதன் டீசல் மெக்கானிக் நூல்களில் கோட்பாடு குறைவு. ஆனால் இன்ஜெக்டர் எப்போது தெளிக்கிறது, வால்வு எப்போது திறக்கிறது என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். பி.இ. படிப்பவர்கள் ஐ.டி.ஐ. புத்தகத்தைத் தொடத் தயங்குகிறார்கள். வீண் கௌரவம்.

இனி பேனாவை எடுக்கலாம். வயல்களில் பழகிய 5 குதிரைத்திறன் கிர்லோஸ்கர் ஏவி-1 என்ஜினையே வைத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., அமுக்க விகிதம் 16.5, வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. பிஸ்டன் ஒரு முறை நகரும் இடம் 553 கன செ.மீ. வருகிறது. அதை, அமுக்க விகிதத்தில் ஒன்றைக் கழித்து வரும் 15.5-ஆல் வகுத்தால் மேலே மிஞ்சும் இடுக்கு ஏறக்குறைய 36 கன செ.மீ. அரை லிட்டருக்கு மேற்பட்ட காற்றை அந்த இடுக்குக்குள் நெரித்தால் என்ன ஆகும்? 35 டிகிரியில் உள்ளே போன காற்று, வெப்பம் வெளியேறாது என்று வைத்துக் கணக்கிட்டால், 670 டிகிரியை எட்டுகிறது. நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஆனாலும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அது தாராளம். ஸ்பார்க் பிளக் ஏன் இல்லை என்பதற்கு விடை இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. இதைத் தன் கையால் போட்டவனுக்கு அமுக்க விகிதம் மறக்காது.

காகிதத்தில் போடும் லட்சிய டீசல் சைக்கிளில் இதே என்ஜினின் திறன் 60 சதவீதத்தைத் தாண்டும். வரப்பில் ஓடும் என்ஜின் தருவதோ முப்பதை ஒட்டித்தான். மீதி எங்கே போனது? பாடமே இங்கேதான் தொடங்குகிறது. தேர்வுக்கென்று விற்கும் கைடுகள் பி-வி (அழுத்தம்–பருமன்) படத்தோடு கதவைச் சாத்திவிடும்.

பாலிடெக்னிக்கில் எல்லோர் கையிலும் இருக்கும் குர்மி – குப்தா தெர்மல் இன்ஜினியரிங் கணக்குப் பயிற்சிக்கு நல்லது; காரணம் கேட்டால் சுருக்கமாகவே பேசும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. கணேசனின் இன்டர்னல் கம்பஸ்சன் என்ஜின்ஸ், வெப்ப இழப்பையும் எரியும் நேரத்தையும் நிதானமாக விளக்குகிறது. என் ஓட்டு அதற்கே. எம்.ஐ.டி.யின் ஜான் ஹேவுட் 1988-இல் எழுதிய பெருநூலை மூன்றாம் ஆண்டுக்கு முன் திறக்க வேண்டாம். திறந்தாலும் வேண்டிய அத்தியாயம் மட்டும் போதும்.

காசில்லாமல் வகுப்பு கேட்க என்.பி.டி.இ.எல். இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கியது. பாடங்களைப் பார்க்கக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம். வீடியோவை ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் தங்காது. பேராசிரியர் கணக்கைப் பலகையில் எழுதியதும் நிறுத்திவிட்டு நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழில்? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் மெக்கானிக்கலையும் சிவிலையும் தமிழ் வழியில் தொடங்கியது. கோவையிலிருந்து 1949 முதல் வந்த கலைக்கதிர் இதழ் அதற்கு வெகு முன்பே அறிவியலைத் தமிழில் எழுதிப் பழக்கியது. இத்தனைக்குப் பிறகும் கணேசன் நூலுக்கு ஈடாக, தானே படித்துக்கொள்ளத்தக்க என்ஜின் புத்தகம் தமிழில் கைக்கு எளிதாகக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

ஓடும் என்ஜினிலும் கொஞ்சம் அளந்து பார்க்கலாம், ஃப்ளைவீலுக்குத் தள்ளி நின்றபடி. 100 மில்லி டீசல் 6 நிமிடத்தில் தீர்ந்தால், உள்ளே போன சக்தி சுமார் 9.8 கிலோவாட். பம்ப்பிலிருந்து சின்னக் குழாயில் வந்து என்ஜினைக் குளிர்வித்து வெளியேறும் நீரை வாளியில் பிடியுங்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர், சூடு 15 டிகிரி கூடுகிறது என்றால், 3 கிலோவாட்டுக்குச் சற்று மேலாக வாய்க்காலுக்கே திரும்பிப் போகிறது. மிச்சத்தில் ஷாஃப்டுக்கு எவ்வளவு, சைலன்சர் வழியே எவ்வளவு என்று பிரிக்க வரப்பில் வழியில்லை. அதற்குத் தெர்மல் லேபில் கயிற்று பிரேக் பூட்டிய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின் நிற்கும். பெரும்பாலும் இதே கிர்லோஸ்கர் குடும்பம்தான்.