காலனி வீட்டுக்கும் கதவு உண்டு

வீட்டு வரிக்கு அளக்க, கழிப்பறை கட்டியாயிற்றா என்று பார்க்க, மின்மீட்டரைச் சோதிக்க, ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று அளவெடுக்க... கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் அலுவலர்கள் வீடு தேடி வருவது வழக்கமான காரியம். வர வேண்டியதும்தான். எப்படி வருகிறார்கள் என்பதே கேள்வி. மாடி வீட்டு வாசலில் நின்று ‘சார் இருக்காரா?’ என்று குரல் கொடுப்பவரே காலனிக்குள் வந்ததும் தட்டியை விலக்கிக்கொண்டு அடுப்படி வரை போய் செல்போனில் படம் எடுத்தால், யாரும் தடுப்பதில்லை. ‘கவர்மென்ட் ஆளு, எதுக்கு வம்பு’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

இந்த ஒதுங்கலுக்குப் பழைய காரணம் இருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையில், அவர்கள் குடியிருந்த மனைக்குக்கூட மிராசுதார் உரிமை கொண்டாடியதைப் பதிவு செய்தார். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது இந்த அறிக்கையை நினைவுகூர்கிறோம். மனையைப் பற்றி அதில் உள்ளதை ஏனோ விட்டுவிடுகிறோம். குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961-இல்தான் வந்தது. குடியிருக்கும் மனையையே சொந்தமாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. யாரோ ஒருவர் மனையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு, வாசலில் நின்று ‘என்ன விஷயம்?’ என்று கேட்கும் பழக்கம் எப்படி வரும்?

கேட்கும் உரிமை இருக்கிறது. இரவில் வீடு புகுந்து கண்காணிக்கும் காவல்துறை விதியை உச்ச நீதிமன்றம் 1962-லேயே, கரக் சிங் வழக்கில் ரத்து செய்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்காக அலுவலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று பொருளில்லை. அவர் வருவதற்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும். வரிக்கு அளக்க வந்தவருக்குப் பீரோவில் என்ன வேலை? அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதும், எந்தச் சட்டப்படி வந்திருக்கிறீர்கள் என்று கேட்பதும் அரசுப் பணியைத் தடுப்பது ஆகாது.

மின்திருட்டுச் சோதனைக்கு 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் தனி விதியே உண்டு. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை, அங்கு குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடன் இல்லாமல் வீட்டைச் சோதிக்கக் கூடாது. கணவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே உள்ள வீட்டில் இரவுச் சோதனைக்கு இடமில்லை என்று இதைப் படிக்கலாம். (ஆண் இருந்தால்தான் வீடு என்று நினைத்த சட்டம் இது என்பது வேறு கதை.)

இடிப்பு என்று வரும்போது 2024 நவம்பர் 13 தீர்ப்பை ஒவ்வொரு தெருவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் வழங்கியது. இவர்களில் கவாய் 2025-இல் தலைமை நீதிபதி ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த இரண்டாவது தலித். பதிவுத் தபாலில் அறிவிப்பு வர வேண்டும், வீட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டும். பதில் சொல்லக் குறைந்தது 15 நாள். நேரில் விசாரித்து, காரணங்களோடு உத்தரவு. அதன் பிறகும் 15 நாள். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். மீறிய அதிகாரி சொந்தப் பணத்தில் ஈடு செய்ய வேண்டும்.

ஆனால், சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டடங்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் சிக்கல் இங்கேதான். அங்கும் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். நத்தம் மனை என்றால் விஷயமே வேறு. 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, வீட்டுமனையாகவும் புழக்கடையாகவும் சொந்தமாக உள்ள இடத்தை அரசு நிலக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. எனவே அறிவிப்பு வந்தவுடன் பார்க்க வேண்டியது, நம் இடம் கிராமக் கணக்கில் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்பதைத்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியல் சாதியினரை வீட்டைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அரசுக் கடமையாகச் செய்த நடவடிக்கைக்கு அந்த உட்பிரிவிலேயே விலக்கு உண்டு. இதைச் சொல்லாமல் வழக்குப் போடச் சொல்பவரின் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பார்கள். உதவி எண் 15100. போகும்போது அறிவிப்போடு அது வந்த உறையையும் கொண்டு போங்கள். என்று அனுப்பினார்கள் என்பது தபால் முத்திரையில் இருக்கும். சுவரில் ஒட்டியிருந்தால் கிழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.